சொல்லாத பல்லி

ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்து பல்லியைப் பற்றி எழுதுகிறானே என்று வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியர் என்னை அனுப்பியது என்னவோ கோயிலைப் பற்றி எழுதத்தான். கோயிலையும் பார்த்தேன், கும்பிட்டேன், அதுவும் இதில் வரும். ஆனால் ஹாம் என்ற அந்த ஊரை இன்று நினைத்தால் முதலில் கண்முன் வந்து நிற்பது ராஜகோபுரம் அல்ல. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு குட்டிப் பல்லி!

ஹாம் ஒரு ரயில் ஊர். பெர்லினிலிருந்து நான் வந்த வண்டி அங்கே வந்து நின்றதும் இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி டார்ட்மண்ட், டியூசெல்டார்ப் பக்கமும், பின்பாதி வூப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும் போகுமாம். நம் ஊர் ஜங்ஷன்களில் என்ஜின் மாற்றுவதைப் பார்த்த பழக்கத்தில் நான் பிளாட்பாரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "இஞ்சாலை வாங்கோ! பெட்டி எங்கை?" என்று யாழ்ப்பாணத் தமிழ் ஒன்று முதுகில் தட்டியது.

அவர் நம் பத்திரிகையின் நெடுநாளைய வாசகர். தொடர்கதையில் கதாநாயகியைக் கொன்றுவிட்டார்களே என்று ஒரு முறை நாலு பக்கம் கடிதம் எழுதியவர். ஐம்பது வயதிருக்கும். இளைஞராக இலங்கையை விட்டு வந்து, ஒரு கிடங்கில் வேலை பார்த்து, வீடு வாசல் என்று ஆனவர். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, குளிர்ச் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவர்களுக்கு ஒரே குழந்தை.

"மாமா, உங்களுக்குப் பல்லி எண்டால் பயமோ?"

வணக்கம் இல்லை, குசலம் இல்லை. இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"பயமில்லை அம்மா. தலையில் விழாத வரைக்கும்" என்றேன்.

"அப்ப சரி. நாளைக்கு எங்களோடை வாங்கோ" என்று உத்தரவு பிறந்துவிட்டது.

போகிற வழியில் ஒரு யானையைக் காட்டினார் நண்பர். கண்ணாடி யானை! சுமார் 35 மீட்டர் உயரம். பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் கரி கழுவும் ஆலையாக இருந்த கட்டடத்தை, 1984-ல் நடந்த தோட்டக் கண்காட்சிக்காக இப்படி யானையாக்கிவிட்டார்களாம். தும்பிக்கைக்குள் லிப்ட் ஓடுகிறது. சுரங்கம் மூடினால் யானை செய்கிற ஊரில் பல்லிக்குச் சந்தை கூடுவது ஆச்சரியமில்லைதான்.

ஆமாம், சந்தை. 'டெராரிஸ்டிகா' என்று பெயர். ஊரிலுள்ள பெரிய மண்டபங்களில், நான் போன காலத்தில், ஆண்டுக்கு நாலு சனிக்கிழமை கூடிற்று. பல்லி, பாம்பு, ஆமை, தவளை, சிலந்தி முதலானவற்றை வளர்ப்பவர்கள் ஐரோப்பாவின் நாலா திசையிலிருந்தும் வந்து விற்பார்கள், வாங்குவார்கள். உலகத்திலேயே இந்த மாதிரிச் சந்தைகளில் மிகப் பெரியவற்றில் இது ஒன்று. நான் போய் இறங்கியது ஒரு செப்டம்பர் வெள்ளிக்கிழமை. மறுநாள் சந்தை!

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில்தான் விஷயத்தின் முழு வரலாறும் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெண் இரண்டு சிறுத்தைப் பல்லிக் குட்டிகளை வாங்கினாள். இரண்டும் பெட்டை, அக்கா தங்கை என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். அவர் யார், எந்த ஊர் என்பது நமக்கு வேண்டாம். கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். ஏழெட்டு மாதம் சமர்த்தாக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்குமாம். அதைப் பார்த்துப் பார்த்து இவள் பூரித்துப்போவாளாம். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் ஒன்றுக்கு வால் இல்லை, கழுத்தில் கடி. மிருக வைத்தியரிடம் கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை. "இரண்டும் ஆண்" என்று வைத்தியர்தான் சொன்னாராம். மிஞ்சியதைப் பார்க்கவே இவளுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் தொழிற்சாலைத் தோழர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.

"ரெண்டு மாசம் சரியாச் சாப்பிடேல்லை இவள்" என்றார் அந்த அம்மாள், கீரையைப் பரிமாறிக்கொண்டே. "இனி இந்த வீட்டிலை பல்லியும் வேண்டாம், ஓணானும் வேண்டாம் எண்டு சொல்லிப் போட்டன். இவர்தான் கேக்கேல்லை. மகளுக்கு ஓம் எண்டு சொல்லிட்டார்."

நண்பர் சோற்றைப் பார்த்தபடி இருந்தார்.

அம்மாள் மூன்று நிபந்தனை போட்டிருந்தார். தொட்டி ஒன்றுதான். குஞ்சு பொரிக்கக் கூடாது. சண்டையும் சாவும் இந்த வீட்டில் மறுபடி வரக் கூடாது. ஆகவே வாங்குவதென்றால் இரண்டு பெட்டைகளாகத்தான் வாங்க வேண்டும். இந்தத் தடவை நிச்சயமாகத் தெரிந்து வாங்க வேண்டும். பெண் தன் உண்டியலிலிருந்து 90 யூரோ எடுத்து வைத்திருந்தாள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்னப் பூதக் கண்ணாடி ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள்.

"ஒன்று போதாதா?" என்று கேட்டேன்.

"தனிய இருந்தா அதுக்குப் பாவம் இல்லையோ, மாமா?" என்றாள்.

*

காலை ஒன்பது மணிக்கெல்லாம் மண்டபத்தைச் சுற்றிக் கியூ! சீட்டுக்குக் காசு கொடுக்கக் காத்திருந்தவர்களில் டச்சுக்காரர்கள், போலந்துக்காரர்கள், இத்தாலிக்காரர்கள் என்று பல தேசத்தார். பாதிப் பேர் கையில் தெர்மாகோல் பெட்டி. மீன் வாங்கப் போகிறவர்கள்போல் இருந்தார்கள். எதிர்ப்புறம் அட்டை பிடித்துக்கொண்டு ஒரு சிறு கூட்டம் நின்றது. பிராணிகளை இப்படிச் சந்தையில் வைத்து விற்பது கொடுமை என்பது அவர்கள் கட்சி. உள்ளே போய்ப் பார்த்த பிறகு, அவர்கள் சொல்வதை முழுவதும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே என்ன என்கிறீர்கள்? நம் ஊர்க் கல்யாணத்தில் மீந்த பட்சணம் போட்டுக் கொடுப்பார்களே, அதைப்போலக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாக்கள். ஆயிரக்கணக்கில்! மூடியில் காற்றுக்கு ஓட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உயிர். மஞ்சள் பாம்பு, நீலத் தவளை, மயிர் அடர்ந்த சிலந்தி. 2021 முதல் அந்த மாநிலத்தில் விஷப் பிராணிகளைப் புதிதாக வளர்க்கத் தடைச் சட்டம் வந்துவிட்டது என்று நண்பர் தைரியம் சொன்னார். ஆனாலும் நான் கைகளைச் சட்டைப் பைக்குள்தான் வைத்துக்கொண்டேன்.

டப்பாக்களின் மேல் சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றில் 1,0. மற்றொன்றில் 0,1. இன்னொன்றில் 0,0,1. "பரவாயில்லையே! ஒரு யூரோவுக்குப் பல்லி கிடைக்கிறதே!" என்றேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது விலை இல்லை, மாமா! முதல் இலக்கம் ஆண். ரெண்டாவது பெண். மூண்டாவது, தெரியாது எண்டு அர்த்தம்."

அதாவது 1,0 என்றால் ஆண் ஒன்று. 0,1 என்றால் பெண் ஒன்று. 0,0,1 என்றால், உயிர் ஒன்று. ஆணா பெண்ணா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்! இவ்வளவு யோக்கியமான கணக்கு நான் வேறு எந்த வியாபாரத்திலும் பார்த்ததில்லை. குட்டிகள் இருந்த டப்பாக்களில் பெரும்பாலும் மூன்றாவது கணக்குத்தான். ஆனால் சில மேஜைகளில் குட்டிகள்மேலும் 0,1 என்று தைரியமாக ஒட்டியிருந்தார்கள். அந்த மேஜைகளை அவள் நின்றுகூடப் பார்க்கவில்லை. விறுவிறு என்று தாண்டிப் போனாள். சூடு கண்ட பூனை.

சிறுத்தைப் பல்லியைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இது ஜெர்மனிப் பிராணி அல்ல. ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் வடமேற்கு இந்தியாவிலும் கல்லும் கரடுமான வறண்ட பூமியில் வாழ்வது. 1854-ல், கல்கத்தா ஆசியச் சங்கத்தின் காட்சிசாலையைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்டு பிளைத் என்பவர், பஞ்சாபின் உப்பு மலைப் பகுதியிலிருந்து வந்த ஒன்றைக் கண்டு முதலில் விவரித்து எழுதினார். இன்று சந்தையில் விற்பவை காட்டிலே பிடித்தவை அல்ல. பல தலைமுறையாக வீடுகளிலேயே முட்டையிட்டுப் பொரித்து வந்தவை.

நம் வீட்டுப் பல்லிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. நம் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணை நாக்கால் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு. மூடித் தூங்கும், ஏதோ தத்துவம் யோசிப்பதுபோல் மெல்லத் திறந்து பார்க்கும். 'யூபிளெபாரிஸ்' என்ற அதன் சாஸ்திரப் பெயரில் கிரேக்கமொழிக்காரர்களின் 'நல்ல இமை' இருக்கிறது. சுவரில் ஏற இதனால் முடியாது. விரலில் ஒட்டும் அட்டை இல்லை, நகம்தான். தரையிலே நிதானமாக நடக்கும். வால் பருத்திருக்கும், கொழுப்பைச் சேர்த்து வைக்கும் குதிர் அது. வளர்ந்தால் முக்கால் அடி, சில சமயம் அதற்குச் சற்றுக் கூடுதல். குட்டியில் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். வளர வளரப் பட்டை உடைந்து சிறுத்தைப் புள்ளியாகிவிடும். நல்லபடி வைத்துக்கொண்டால் பதினைந்து, இருபது ஆண்டு இருக்கும். வாங்குகிற சிறுமிக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்த பிறகும் பல்லி இருக்கும் என்று அர்த்தம்!

இரண்டாவது மண்டபத்தின் ஓரத்தில் ஒரு கிழவர் இருந்தார். அவர் மேஜையில் கூட்டமில்லை. பன்னிரண்டு டப்பாக்கள்; எல்லாம் சிறுத்தைப் பல்லி. குட்டிகள் எல்லாவற்றிலும் 0,0,1. பெண் அங்கேதான் நின்றாள். பூதக் கண்ணாடியை வெளியே எடுத்தாள். கிழவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நடந்ததெல்லாம் ஜெர்மன் பாஷையில். அவள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள்.

முதலில் வளர்ந்த பல்லி ஒன்றை எடுத்தார். கையிலே கவிழ்த்துப் பார்க்கவில்லை. அடி தெளிவாகத் தெரியும் டப்பாவுக்குள் விட்டு, டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். பின்கால் இரண்டுக்கும் நடுவே, வால் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஓலைக் குடிசையின் கூரைமாதிரி ஒரு கோடு. கோடு அல்ல, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு துவாரங்கள். ஒவ்வொன்றிலும் மெழுகு அடைத்ததுபோல் ஒரு புள்ளி. அதற்குக் கீழே, வாலின் அடியில், இரண்டு புடைப்பு. "இது ஆண். சந்தேகமே இல்லை" என்றார். அடுத்த டப்பாவில் பெண். அதிலும் கூரைபோல ஒரு சாயல் இருந்தது. ஆனால் துவாரம் இல்லை. வெறும் ஊசிக் குத்துமாதிரி மங்கலான தடம். கீழே புடைப்பும் இல்லை, வழுவழு என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"இப்போது இதைச் சொல்" என்று ஆறு வாரக் குட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

அவள் பார்த்தாள். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்; எனக்கு வயிறு தெரிந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் கழித்து, "பெட்டைபோலக் கிடக்கு" என்றாள் மெதுவாக.

கிழவர் சிரிக்கவில்லை. நாற்பது ஆண்டு வளர்த்த தமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றார். "ஆனால், தோன்றுவதற்கு நான் சீட்டு ஒட்டுவதில்லை" என்றார். பூதக் கண்ணாடியால் ஒன்றரை மாதத்திலேயே கண்டுபிடிப்பவர்கள் உண்டாம். ஆண் என்று கண்டால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்குமாம். துவாரம் தெரியவில்லை என்றால்தான் சங்கடம். அது பெண்ணாகவும் இருக்கலாம். துவாரம் இன்னும் வெளிப்படாத ஆணாகவும் இருக்கலாம். ஆறு மாதம் ஆகட்டும், தானே தெரியும் என்றார்.

"முட்டையை எத்தனை பாகைச் சூட்டிலை வைச்சனீங்கள்?" என்று அவள் அடுத்த அஸ்திரத்தை எடுத்தாள். கிழவரின் புருவம் ஏறியது.

வாசகர்களே, இந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றியது. நம்மில் ஆணா பெண்ணா என்பது கருவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இந்தப் பல்லிக்கு அப்படி இல்லையாம். முட்டையிட்ட பிறகு, அடைகாக்கும் நாட்களின் ஒரு பகுதியில் அதற்குக் கிடைக்கும் சூடுதான் அதைத் தீர்மானிக்கிறது! 26 டிகிரி செண்டிகிரேடில் வைத்தால் அநேகமாக எல்லாம் பெண். 32½ டிகிரியில் வைத்தால் நாலில் மூன்று பங்கு ஆண். சரி, சூடு கூடக் கூட ஆண் என்று கணக்குப் போட்டால், 34-க்கு மேல் போனதும் மறுபடி அநேகமாக எல்லாம் பெண்! ஊர்வனவற்றில் இப்படி ஒரு விசித்திரம் உண்டு என்பதை முதலில் கண்டு 1966-ல் வெளியிட்டவர் மாடலேன் ஷார்னியே என்ற பெண்மணி. ஆப்பிரிக்காவில் டாக்கார் நகரில், ஓணான் வகை ஒன்றில் கண்டார். சிறுத்தைப் பல்லியை வைத்து அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் என்ற பேராசிரியர் பல ஆண்டு ஆராய்ந்திருக்கிறார். அதிகச் சூட்டில் பிறந்த பெண் பல்லிக்குக் கோபமும் அதிகம் என்பது அவர்கள் கண்ட இன்னொரு விஷயம்.

"வெயில்தான் பொடியனோ பெட்டையோ எண்டு முடிவு பண்ணுது!" என்று நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கிழவர் வைத்தது 27 டிகிரி. அப்படியானால் பெண்ணாக இருக்கத்தான் அதிகச் சந்தர்ப்பம் என்றாள் இவள், கண்கள் பளபளக்க. ஆமாம் என்றார். ஆனால் அலமாரியில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கலாம். ஒரு நாள் மின்சாரம் போயிருக்கலாம். அப்படி ஒன்றுமே நடக்காமல்கூட நூற்றில் ஒன்றிரண்டு மாறி வரும். "உன் பழைய பல்லிகளுக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்" என்றார்.

பழைய கதையை அவள் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை! ஒரு குழந்தை பூதக் கண்ணாடியோடு சந்தைக்கு வந்தால், அதற்குக் காரணம் இருக்கும் என்று அவர் ஊகித்துவிட்டார்போல.

இவள் குனிந்துகொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள் என்று நினைக்கிறேன். நீளமாகப் பேசினாள்; எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நண்பர்தான் என் காதோடு காதாகச் சொன்னார். ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கினவே, பிரியமாகத்தானே இருந்தன, பிறகு ஏன் என்று கேட்கிறாளாம்.

கிழவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னதை நண்பர் எனக்கு அப்படியே சொன்னார்: "அது பிரியம் இல்லைப் பிள்ளை. தொட்டியிலே சூடான இடம் ஒண்டுதான் இருந்திருக்கும். ரெண்டுக்கும் அது வேணும். மேலே படுக்கிறது அந்த இடத்தைப் பிடிக்கத்தான்." காட்டிலே இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் தோற்றது ஓடிவிடும். கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடும்? இரண்டும் பெண்ணாகவே இருந்தாலும், பெரியது இரையை முந்தித் தின்னும்; சின்னது ஒதுங்கி மெலிந்து போகும்; வாலைக் கடிபடக் கொடுக்கும். ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் சொல்லவே வேண்டாம். முழுதாக வளராத பெண் தவணைக்கு இரண்டு முட்டையாக இட்டு இட்டு, உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் போய்விடும். "பார்த்துப் பார்த்து இரண்டு பெண் வாங்குவது இருக்கட்டும். ஆணா பெண்ணா என்று தெரியவே வேண்டாத முறை ஒன்று உண்டு. ஒரு பெட்டிக்கு ஒரு பல்லி" என்றாராம்.

"தனிய இருந்தா?"

"அதற்குத் தனிமை தெரியாது. உனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது."

இதை மொழிபெயர்த்தபோது நண்பருக்குக் குரல் கொஞ்சம் கம்மிற்று. நான் பாம்பு டப்பா ஒன்றை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு குட்டி 40 யூரோ. அவளிடம் இரண்டுக்குப் பணம் இருந்தது. ஆனால் வீட்டில் தொட்டி ஒன்று. அந்தச் செய்தி தெரிந்ததும் இரண்டு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார் கிழவர்! வாங்க வந்தவளிடம் விற்க மாட்டேன் என்கிற வியாபாரியை நான் பார்த்தது அன்றுதான். வேண்டுமானால் வளர்ந்த பெண் பல்லி இருக்கிறது, 0,1, நிச்சயமானது; அதையாவது கொண்டு போ என்றார். அவள் அதைப் பார்த்தாள். ஆறு வாரக் குட்டியையும் பார்த்தாள். குட்டி கண்ணை மெதுவாக மூடித் திறந்தது. முடிந்தது கதை.

மீதிப் பணத்தில் தெர்மோஸ்டாட் கருவி ஒன்று வாங்கினார்கள். பழைய தொட்டியில் சூட்டு விரிப்பு மட்டும் இருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லை. அது இல்லாத சூட்டு விரிப்பு, தணலை வைத்துவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமானம் என்று கிழவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

*

திரும்புகிற வழியில் கோயில். அந்த அம்மாள் அங்கேயே வந்துவிடுவதாக ஏற்பாடு. ஊருக்கு வெளியே ஊன்ட்ரோப் என்ற பகுதியில், தொழிற்கூடங்களுக்கு நடுவில், திடீரென்று 17 மீட்டர் ராஜகோபுரம் எழுந்து நிற்கிறது! காமாட்சி அம்பாள் ஆலயம். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் முதலில் ஒரு வீட்டின் நிலவறையில் அம்பாளை வைத்துக் கும்பிட்டார்கள். 2002 ஜூலையில் இந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பக்கத்திலுள்ள கப்பல் கால்வாயில்தான் தீர்த்தோற்சவம். சரக்குக் கப்பல் போகும் தண்ணீரில் அம்பாள் நீராடுகிறாள்!

ஆனால் எங்கள் பிரச்னை வேறு. பல்லியோடு கோயிலுக்குள் எப்படிப் போவது? காரில் வைத்தால் குளிர்ந்துவிடுமே என்று அவள் அழாக்குறை. கடைசியில் நண்பர் காரிலேயே உட்கார்ந்துவிட்டார், டப்பாவைத் தம் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. "நான் போன கிழமை வந்து கும்பிட்டிட்டன். அம்மனுக்குத் தெரியும்" என்றார்.

பிராகாரத்தில் நடக்கும்போது அந்த அம்மாள் சுவரைக் காட்டிச் சொன்னார்: "எல்லாம் இருக்கு, தம்பி. அம்மன் இருக்கிறா, பிள்ளையார் இருக்கிறார், மணிச் சத்தம் இருக்கு. பல்லிதான் இல்லை."

உண்மைதான். குளிர் தேசம், ஜெர்மனியில் சுவர்ப் பல்லி கிடையாது. "எங்கடை வீட்டிலை எதைக் கதைச்சாலும் பல்லி ஒண்டு சொல்லும். அம்மா உடனை தரையிலை தட்டுவா, 'பாத்தியோ, உண்மை'யெண்டு. இஞ்ச வந்து இருவது வருசம். என்ன கதைச்சாலும் ஆமெண்டு சொல்ல ஒண்டுமில்லை." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன் என்று நான் சொன்னதும், அது எப்படி இருக்கும், எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுதான் வாங்கினோம் என்ற செய்தியையும் அப்போதுதான் மெல்ல அவிழ்த்தேன்.

"இது சொல்லுமோ?" என்று கேட்டார்.

"சொல்லாதாம், அக்கா. பயந்தால் மட்டும் கீச்சென்று கத்துமாம்."

"ஆணோ பெண்ணோ எண்டும் சொல்லாது, நல்லது கெட்டதும் சொல்லாது. பிறகென்ன பல்லி!" என்றார்.

*

அன்று மாலை முழுவதும் வீடு கட்டும் வேலை. கண்ணாடித் தொட்டி குட்டிக்கு மிகப் பெரிது. இரையைத் தேடியே களைத்துவிடும். அதனால் நடுவில் அட்டை வைத்துச் சுருக்கினார்கள். தரைக்கு மணல் கிடையாது, சமையலறைக் காகிதம். மணலை இரையோடு விழுங்கினால் குட்டிக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். காகிதமானால் எச்சத்தைப் பார்த்து உடம்பு சரியாக இருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ளலாம். தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் அடியில் சூட்டு விரிப்பு. அங்கே 31 டிகிரி, மறு கோடியில் 24. சூடு வேண்டுமென்றால் இந்தப் பக்கம், போதுமென்றால் அந்தப் பக்கம் என்று அதுவே நடந்து போய்க்கொள்ளும். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஒவ்வொரு குகை. மூன்றாவதாக, ஈரப் பாசி போட்ட குகை ஒன்றும் வேண்டும். தோல் உரிக்கும்போது ஈரமில்லை என்றால் விரல் நுனியில் தோல் இறுகி விரலே போய்விடுமாம்.

அந்த மூன்றாவது குகைக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை வெட்டிப் பார்த்தார் நண்பர். விளிம்பு கூராக இருந்தது. அப்போது அடுப்படியிலிருந்து அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் வந்தார். துருவி முடித்த தேங்காய்ச் சிரட்டை ஒன்று. கண் இருந்த பக்கத்தை வாசல்மாதிரி உடைத்து, ஓரத்தை வழவழவென்று தேய்த்திருந்தார். மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

இராத்திரி இரண்டு மணிக்கு எனக்குத் தண்ணீர் தாகம். கூடத்துக்கு வந்தால் நண்பர் டார்ச் விளக்கோடு தொட்டியின் முன் குந்திக்கொண்டிருந்தார். "முப்பத்தொண்டு காட்டுது. சரிதானே?" என்றார். பிரசவ வீட்டில் அப்பன்மார் இப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் அது ஒன்றும் தின்னவில்லை. புது இடத்தில் அப்படித்தான் என்று கிழவர் சொல்லியிருந்தும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. மூன்றாம் நாள் மாலை, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிய சுவர்க்கோழி ஒன்றை விட்டாள். அதன் இரண்டு கண்களுக்கும் நடுவிலுள்ள அகலத்துக்கு மேல் இரை இருக்கக் கூடாது என்பது கணக்கு. சிரட்டைக்குள்ளிருந்து மூக்கு வந்தது. தலை வந்தது. வாலின் நுனி மட்டும், பூனை எலியைப் பார்க்கும்போது ஆடுமே, அப்படி நடுங்கியது. லபக்!

"தின்னுட்டுது! அம்மா, தின்னுட்டுது!"

"ஏன் கத்துறாய்? தங்கச்சி பயப்பிடப் போறா" என்று பதில் வந்தது அடுப்படியிலிருந்து.

நான் ஊர் திரும்பி ஐந்து மாதம் கழித்து, பிப்ரவரியில், நண்பரிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. கண்ணாடி வழியாக அடியிலிருந்து எடுத்தது. பட்டைகள் உடைந்து புள்ளி விழத் தொடங்கிவிட்டன என்று பெண் குறிப்பு எழுதியிருந்தாள். 38 கிராம் எடையாம். பின்கால் இரண்டுக்கும் நடுவில் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஓலைக் கூரை! பதினொரு துவாரம், அவள் எண்ணி எழுதியிருந்தாள்.

கீழே இரண்டு வரி: "மாமா, பொடியன்! ஆனால் அம்மா இன்னும் தங்கச்சி எண்டுதான் கூப்பிடுறா. மாத்த மாட்டாவாம்."